தன் நெட்டைத் தானே நிறுத்தச் சொன்னவர்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் செல்போன் டவர் பேசுவதற்கு மட்டும்தான் உதவும். நெட் வராது. அதனால் ஃபேக்டரி, ஆபீஸ், தொழிலாளர்களின் லைன் வீடுகள், மேனேஜர் பங்களா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வைஃபை. அது முழுவதும் என் மேஜைக்குக் கீழே இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. அதில் லினக்ஸ் ஓடுகிறது. யாருக்கு நெட் உண்டு, யாருக்கு இல்லை என்று அதில் எழுதி வைப்பது என் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது மெஷினோடு மட்டும் பேசினால் போதும் என்று நம்பித்தான் மலையேறினேன். ஐயோ பாவம் நான்.

வந்த கொஞ்ச நாளிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "ஏனுங் சார், எங்க ஊட்டுக்காரருக்கு ஒம்பது மணிக்கு மேல நெட்ட நிறுத்திப்போடுங்க" என்று ஓர் அக்கா வருவார். அவர் தலை மறைந்ததும் கணவர் வந்து, "அவ சீரியல் பாக்கறத மொதல்ல நிறுத்துங்க" என்பார். மாமியார் வந்து போனால் பின்னாலேயே மருமகள் வருவார். எல்லோருக்கும் அடுத்தவர் நெட்டைத்தான் நிறுத்த வேண்டும். இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டு நான் எதுவும் செய்ய மாட்டேன். மறுநாள் இரண்டு பேரும் வந்து நன்றி சொல்வார்கள்.

தன்னுடையதை நிறுத்தச் சொல்லி வந்தவர் ஒரே ஒருவர்தான். கொழுந்து லாரி ஓட்டுகிற அண்ணன், மேட்டுப்பாளையத்துக்காரர். கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, என்ற போனுக்கு நெட்ட அறுத்து உட்டுருங்க. ரம்மி. கை நிக்க மாட்டீங்குது. இன்னொருக்கா ஆடுனா பொறந்த ஊட்டுக்குப் போயிருவேன்னு ஊட்டுக்காரி சொல்லிப்போட்டா. அவ சொன்னாச் செஞ்சுருவா."

"ஆப்பை அழிச்சிடுங்களேன் அண்ணா" என்றேன்.

"அழிச்சா மறுக்காப் போட எத்தன நேரமாகுது? அது தெரியாமயா உங்ககிட்ட வந்து நிக்கறேன்? நானே வந்து கெஞ்சுனாலும் தொறக்காதீங்க."

வைஃபையில் ஒவ்வொரு போனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அவருடைய எண்ணைத் தடை செய்ய ஒரு வரி எழுதினேன். வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

சில நாள் கழித்து, நெட் நத்தை மாதிரி ஊர்கிறது என்று ஆபீசில் புகார். யார் இழுக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். இழுத்தது மேனேஜர் பங்களா டிவி. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் அதற்குக் கீழே பெயரில்லாத ஒரு போன், லாரி ஷெட் பக்கத்து வைஃபையிலிருந்து ரம்மிக் கம்பெனியின் வாசலைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்துப் போன்கள் தங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளும். செட்டிங்கில் அதற்கு வழி இருக்கிறது, அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். அந்த எண்ணையும் தடுத்தேன். மறுநாள் வேறொரு எண்ணில் வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடைக்கச் சொன்னதும் இந்த மனுஷன், ஓட்டை போடுவதும் இந்த மனுஷன். கோபம் தணிந்த பிறகு பயம் வந்தது. அண்ணன் மனைவி ஒருமுறை பஸ் ஏறிவிட்டால் நான் எந்த வரியை எழுதி அவரைத் திருப்பிக் கூட்டிவருவது?

விதியைத் தலைகீழாக்கினேன். இதுவரை எல்லோருக்கும் திறந்திருந்தது, தடுத்தவருக்கு மட்டும் இல்லை. இனி எல்லோருக்கும் மூடியிருக்கும், பெயர் கொடுத்து எண்ணைப் பதிந்தவருக்கு மட்டும் திறக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதேதான்.

காலையில் எஸ்டேட் முழுக்க நெட் இல்லை. மேனேஜர் போனில் கத்தினார். "செக்யூரிட்டி அப்டேட் சார்" என்றேன். அந்த வார்த்தைக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆபீஸ் வாசலில் குடையும் வசவுமாக வரிசை நின்றது. "நல்லா இருந்த நெட்டக் கெடுத்துப்போட்டு இங்க உக்காந்து பேரு எழுதறானாமா" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வரிசையில் லாரி அண்ணனின் மனைவி வந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன்.

அண்ணன் இப்போது கேட்டால் நான் எழுதித்தான் ஆக வேண்டும். மாட்டேன் என்றால் ஏன் என்று வரிசையே கேட்கும். அக்காவின் போனைப் பதிந்து கொடுத்தேன். அவர் நகராமல் பக்கத்திலேயே நின்றார்.

"அடுத்து நீங்களா அண்ணா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "என்ற போனு ஒடஞ்சு போச்சு தம்பி. எனக்கு வேண்டாம்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. லாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். வரிசையில் ஒருவர், "ஒடஞ்ச போனு நல்லாத்தான் பாடுதுங்ணா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கையைப் பைப் பக்கமே கொண்டுபோகவில்லை. முகம் மட்டும் கறுத்துவிட்டது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆமாங் தம்பி, ஒடஞ்சுதான் போச்சு. நீங்க அடுத்த ஆள எழுதுங்க."

குடையை விரித்துக்கொண்டு படியில் இறங்கி, அண்ணனும் குடைக்குள் வரும்வரை நின்றார். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் அடுத்த ஆளின் பெயரைக் கேட்டேன்.