எலுவன்குளத்தில் ஓர் உம்மா

போன சனிக்கிழமை எலுவன்குளத்துக்குப் போய் வந்தேன். போகாமல் இருந்திருக்கலாமோ என்று இதை எழுதும்போதும் தோன்றுகிறது...

தில்லையடியில் நாங்கள் சிலர் சேர்ந்து குடும்ப வரலாற்று வட்டம் ஒன்று நடத்துகிறோம். உங்களுக்குத் தெரியும் — இந்தப் பத்தியிலேயே பெருமையடித்திருக்கிறேன். மாதம் ஒரு வகுப்பு. பழைய பிறப்புப் பத்திரங்களை வாசிப்பது, பள்ளிவாசல் பதிவேட்டில் பெயர் தேடுவது, வயதானவர்களிடம் கேள்வி கேட்பது — எல்லாம் சொல்லிக்கொடுப்போம். முதல் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு தாள். உங்கள் பெயர், மேலே உம்மா வாப்பா, அதற்கும் மேலே அவர்களுடைய உம்மா வாப்பா. சுலபம்தானே?

ஃபாஹிமாவுக்குச் சுலபமில்லை. முந்தலில் பாலர் பாடசாலை ஆசிரியை. தன் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூடிவிட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் கைக்குழந்தை. கரையில் படகேறும் நெரிசலில் ஒரு தாய், "கொஞ்சம் புடிங்க, மூத்தவனக் கூட்டிட்டு வாறன்" என்று பிள்ளையைப் படகில் இருந்த பெண்ணிடம் நீட்டினாராம். படகு புறப்பட்டுவிட்டது. வாங்கிய பெண்ணே வளர்த்தார். அவரும் இப்போது உயிரோடு இல்லை.

வட்டத்தில் எல்லாரும் விசாரித்தோம். எலுவன்குளத்தில் ஓர் உம்மா அதே போல் பெண்குழந்தையைத் தவறவிட்டவர் என்று தகவல் வந்தது. நான்தான் அவசரப்பட்டேன். "வாங்க, போவம்" என்றேன். ஃபாஹிமா புது அபாயா உடுத்து வந்திருந்தார். பஸ்ஸில் அதன் மடிப்பை நீவிக்கொண்டே வந்தார்.

அந்த உம்மா வாசலுக்கு வந்தார். ஃபாஹிமாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். நாங்கள் வந்த விஷயத்தை நான் சொல்லி முடிக்கவும் இல்லை.

"என்ட புள்ளதான். வந்திட்டாள்."

ஃபாஹிமா அழுதார். நானும்தான். பக்கத்தில் இருத்தி, சோறு பிசைந்து, தன் கையாலேயே ஊட்டினார் அந்த உம்மா.

நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது அவருடைய மகன் பின்னால் வந்தார்.

"ராத்தா, சொல்லாம இருக்க ஏலாது. தேடி வாற எல்லாரையும் உம்மா இப்பிடித்தான் சொல்லுவா. இவங்க நாலாவது ஆள்."

"இவங்களா இருக்க ஏலாதா?"

"என்ட தங்கச்சிக்கு வலக்கையில பெரிய தழும்பு. சுடுதேத்தண்ணிய ஊத்தினதே நான்தான்."

ஃபாஹிமாவின் வலக்கையை நான் பார்த்திருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு சான்று இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று வகுப்பில் சொல்பவள் நான். புறப்படுவதற்கு முன் ஒரு ஃபோன் கோல் எடுத்துக் கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? ஒருத்தரின் உம்மாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. வேறென்ன?

பஸ் வரும்வரை காத்திருந்தபோது தழும்பைப் பற்றி ஃபாஹிமாவிடம் சொன்னேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கும் தெரியும், ராத்தா. என்ட கையத் தடவித் தடவிப் பாத்தாங்க. எதையோ தேடுறாங்க எண்டு விளங்கிச்சு. அதுக்குப் பிறகுதான் ஊட்டினாங்க."

"திரும்ப ஒருக்கா வருவீங்களா?"

"எப்பிடி வாற? அது அவங்கட மகள்ட சோறு."

இந்த மாத வகுப்பை வேறு யாராவது எடுக்கட்டும்.