எங்கள் வீட்டு அட்டைக்கு எந்த வட்டம்?

அன்று அந்தப் பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். புயல் நிவாரண வேலையாக வந்த ஒரு வெளிநாட்டு அம்மா, அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல சிதம்பரத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண், எங்களிடம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் ஐந்து பேர், என் நாத்தனார், நான்.

காடாம்புலியூர் பக்கம் எங்கள் ஊர். தானே புயல் அடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மரத்தடியில் கூட்டம் போடலாம் என்றால் நிற்கிற மரமே இல்லை, அதனால்தான் பள்ளிக்கூடம். எங்கள் முந்திரி, பலா எல்லாமே வேரோடு சாய்ந்து கிடந்தன. கன்று வைத்து அது காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பேன். நான் எட்டாவதோடு நின்றவள், சின்ன விஷயத்துக்கே பயப்படுகிற சுபாவம் வேறு.

அன்றைய பயம் இன்னும் பெரியது. என் மகளுக்குப் புவனகிரியிலிருந்து ஒரு வரன் பேசி வைத்திருந்தவள் நாத்தனார்தான். வரன் தட்டிப்போய்விடக் கூடாதே என்று புயலுக்குப் பிறகும் அவளிடம் போனில் “எங்களுக்கு ஒண்ணும் கொறையில்ல” என்றே சொல்லி வந்தேன். அவள் அன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, என்னோடு கூட்டத்துக்கும் வந்துவிட்டாள்.

வெளிநாட்டு அம்மா தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டார். நன்றாக இருப்பவர்கள், சமாளிப்பவர்கள், ரொம்பச் சிரமத்தில் இருப்பவர்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. ஏழை யார் என்று உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே பேசி வையுங்கள், கடைசி வட்டத்துக்கு உதவி முதலில் வரும் என்றார். மாடி வீடாச்சே, நமக்கு முதல் வட்டம்தான், மானம் தப்பித்தது என்று உட்கார்ந்திருந்தேன். உதவி கிடைக்காதே என்ற கலக்கமும் உள்ளே இருந்தது.

கொட்டை உடைப்பவர்களில் மூத்தவள் எங்கள் வீட்டு அட்டையை எடுத்தாள். மற்ற நால்வரையும் ஒரு பார்வை பார்த்தாள். கடைசி வட்டத்தில் வைத்தாள்.

நான் குரலை உயர்த்தினேன். “ஏம்மா, கண்ணு தெரியலியா? அது எங்க வூட்டு அட்டை!”

“தெரிஞ்சிதாங்க்கா வெச்சேன்.”

சிதம்பரத்துப் பெண்ணுக்கும் ஆச்சரியம். “அவங்களுக்கு மாடி வீடு இருக்கே?”

“மாடிய கடிச்சா திங்க முடியும்? எங்களுக்கு கூலிதான் போச்சி. நாளைக்கே பாண்டிக்கு கட்டட வேலைக்கு பஸ் ஏறிடுவோம். அக்கா சித்தாளு வேலைக்கு வருவாங்களா? வரத்தான் வுட்டுடுவாங்களா?”

இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். “எங்களுக்கு பசின்னா நாலு வூட்டுல கேட்டுடுவோம். இவுங்க வாயத் தொறப்பாங்களா? சாப்ட்டியாக்கான்னா சாம்பாரு, பொரியல்னு அடுக்குவாங்க. மூணு மாசமா அந்த வூட்டுல தாளிக்கிற வாசனையே வர்ல. தாளிக்காம என்னா சாம்பாரு அது?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே அடக்கிக்கொண்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் கஞ்சி குடித்தது தெருவுக்கே தெரிந்திருக்கிறது! எழுந்துபோய் அட்டையைப் பிடுங்கி முதல் வட்டத்தில் வைத்தேன். “நாங்க நல்லாதான் இருக்கோம், அப்படியே எழுதிக்கச் சொல்லும்மா” என்றேன். வெளிநாட்டு அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் நாத்தனார் எழுந்தாள். அட்டையை எடுத்து மறுபடி கடைசி வட்டத்திலேயே வைத்தாள்.

“எங்க அண்ணி பொய் சொல்றாங்க. பொறந்த வூட்டு தோப்பு பூரா விழுந்து கெடக்கறத வர்ற வழியில பாத்துட்டுதான் வந்தேன்” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “மூணு மாசமா தாளிக்காமயா சாப்ட்டீங்க? எங்கிட்டகூடவா மறைப்பீங்க அண்ணி?”

எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. அத்தனை பேர் முன்னால் துணியில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

பயந்தபடியே புவனகிரி வரன் தட்டிப்போனது. கேட்ட நகையை எங்களால் இப்போது போட முடியாது என்று நாத்தனாரே போய்ச் சொல்லிவிட்டாள். பிறகு மகளுக்கு வேறு இடத்தில் அமைந்தது. கடைசி வட்டத்துக்காரர்களுக்கு, விழுந்த மரங்களை அப்புறப்படுத்திக் கன்று வைப்பதற்குக் கூலி கொடுத்தார்கள். என் தோப்பில் நானே கூலிக்கு விறகு சுமந்தேன். முதல் நாள் தலையே நிமிரவில்லை. மூன்றாம் நாள் கூடச் சுமந்த ஒருத்தி, “யக்கா, சும்மாட்ட ஒழுங்கா சுத்துங்க, எங்க மானம் போவுது” என்று கிண்டலடித்ததில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அட்டையை வைத்த மூத்தவள் அதற்குள் பாண்டிக்குக் கிளம்பியிருந்தாள். கிளம்புகிற அன்று நேராக என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாள். திறந்ததும் என் கையில் பணத்தைத் திணித்து, “அரிசி வாங்குங்க. கெடைக்கிறப்ப குடுங்க” என்றாள். எங்களிடம் கூலி வாங்கிய கை அது. வாங்கிக்கொண்டேன். பிறகு இரண்டு முறை திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். “பாக்கி இருந்தாதாங்க்கா ஊருப்பக்கம் வர ஒரு சாக்கு” என்று நழுவுகிறாள்.

ஏழை யார் என்று இப்போது யாராவது கேட்டால், சாத்திய கதவுக்குள் நாங்கள் இருந்த அந்த மூன்று மாதம்தான் எனக்கு ஞாபகம் வரும். அந்தக் கதவைத் தட்டியவளுக்கு நான் இன்னும் தர வேண்டியது முந்நூறு ரூபாய்.