இரண்டாவது பார்வைக் குழாய்

எங்கள் ஆய்வக அலமாரியின் அடித்தட்டில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு குழாய் கிடக்கிறது. நுண்ணோக்கியில் நான் பார்ப்பதையே எதிரே உட்கார்ந்து இன்னொருவரும் பார்ப்பதற்கான குழாய் அது. அந்த இன்னொருவர் அக்கா. உடன்பிறந்தவர் இல்லை. பேகம்பூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, ஒப்பந்த வேலையில் என்னோடு இருந்தவர். என்னைப் போலவே முனைவர் பட்டம் வாங்கியவர்.

சின்ன வெங்காய வேருக்குள் ஒரு நல்ல பாக்டீரியா குடியேறுகிறதா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. சாயம் ஏற்றிய பாக்டீரியா, நீல ஒளி பட்டால் பச்சையாக மினுங்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். பட்டப்பகலில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு இருவரும் குனிவோம். "இடப் பக்கம், வேர் முடிக்கு அடியில. தெரியுதாம்மா?" என்பார். "தெரியுதுக்கா" என்பேன். இருவர் கண்ணுக்கும் பட்டால்தான் கணக்கில் சேரும். அதற்காகத்தான் அக்காவுக்கு அந்த வேலையே. வீட்டில் தனியாக இருக்கும் எனக்கு, ஒரு நாளின் பேச்சில் முக்கால்வாசி அந்த இருட்டில்தான் நடந்தது.

வேரின் மேற்பரப்பில் கண்டோம். உள்ளே இருப்பது கண்ணுக்கு எட்டவில்லை. கேமரா வாங்க முடிவாயிற்று. இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் துறைத் தலைவருக்குக் கல்யாண ஆல்பம் மாதிரி கலர் கலராகப் படம் வேண்டும். அக்கா மசியவில்லை. எங்கள் வேரையே வைத்து, ஒரே விளக்கில், ஒரே அளவு நேரத்துக்கு இரண்டு கேமராவிலும் எடுக்கச் சொன்னார். கலர் படத்தில் மணலை வாரி இறைத்தது போல் புள்ளிகள். எது பாக்டீரியா, எது கேமராவின் கோளாறு என்று சொல்ல ஜோசியர்தான் வர வேண்டும். மற்றது, சூடேறாமல் குளிர்வித்து வைக்கும் கருப்பு வெள்ளைக் கேமரா. அதில் இருட்டு இருட்டாகவே இருந்தது. நடுவே, வேருக்குள், மங்கலாக ஒரு வரிசை.

"கலரு பொறவு போட்டுக்கலாம் சார். வெளிச்சமே விழலைன்னா எதுக்குக் கலரு போடுறது?" என்றார் அக்கா.

அப்போதுதான் அந்தக் கம்பெனிப் பையன், இரண்டாவது குழாய் பாதி வெளிச்சத்தைத் தின்கிறது, அதைக் கழற்றினால் படம் இன்னும் தெளியும் என்றான். துறைத் தலைவர் உடனே, "அப்ப ஒரு ஆளு போதும்ல" என்றார். பாதி வெளிச்சமே போதும் என்று நான் வாதாடினேன்.

"பாதியில உள்ள இருக்கது சரியாத் தெரியாதும்மா. அது தெரியாம நான் மட்டும் இங்க உக்காந்து என்னத்தப் பாக்க?" என்ற அக்கா, பையனிடம் திரும்பி, "கழட்டிருங்க தம்பி" என்றார். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. இன்றும் அது முழுதாக ஆறவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அக்கா இப்போது வத்தலக்குண்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறார். நான் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறேன். கேமரா அக்காவைவிட நன்றாகப் பார்க்கிறது. ஒரு வார்த்தை பேசுவதில்லை.

போன வாரம், வேரின் உள்ளறைகளில் பாக்டீரியா நிறைந்திருக்கும் படம் கிடைத்தது. அத்தனை காலம் நாங்கள் தேடியது அதைத்தான். வாட்ஸப்பில் அக்காவுக்கு அனுப்பினேன்.

"அல்ஹம்துலில்லாஹ். உள்ளதான் இருக்கு. கூட யாரு பாத்தா?" என்று கேட்டிருந்தார்.

"யாருமில்லக்கா" என்று எழுதினேன்.

பதில் வந்தது: "இங்கயும் அப்படித்தான்ம்மா."