பிரெக்ஸிற் மேசையில் ஒரு சோஸ் அகப்பை

தொழிற்சாலைக் கன்டீனில் நிற்கிறவளுக்கு அகப்பை பிடிக்க ஒரு கை போதும், அரசியல் கேட்க இரண்டு காதும் போதாது. கன்டீனில் நின்று கால் வீங்கின சகோதரிமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில், காற்றாலைக்கு உதிரிப்பாகம் செய்கிற ஆட்களுக்குச் சாப்பாடு போடுகிறேன். பிரெக்ஸிற் கதை தொடங்கியதில் இருந்து எங்கள் நீட்டு மேசையில் உருளைக்கிழங்கு ஆறித்தான் போகும்.

அரசாங்கத்தின் நோக்கம்

பெயின்ற் பகுதி பிறேபனைக் கேட்டால், பிரித்தானியா தன் வீட்டைத் தானே பார்க்கப் போகிறது. தொழிற்சங்கத்து லோனவுக்கு அது கட்சிச் சண்டையை மறைக்க அரசாங்கம் விட்ட கதை. எனக்கோ பிள்ளையின் கவலை. மகள் அனிதா டெனிஷ் கடவுச்சீட்டோடு லண்டனில் இருக்கிறாள். இலங்கையில் காணாமல் போனவர்களின் உறவினர் சொல்வதை எழுதி ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு அனுப்புகிற ஒரு சட்டத்தரணியிடம் வேலை. அதில் என் தம்பி அருளின் கோப்பும் ஒன்று. அவளைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கோப்பை யார் திறப்பது?

வாதாடுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே பிறேபனின் பாற்சோற்றில் இறைச்சிச் சோஸை ஊற்றிவிட்டேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"றோசா, அரசாங்கத்தின்ர நோக்கம் எனக்கு விளங்குது. உன்ர நோக்கம்தான் விளங்கேல்லை."

ஒரே நவநாளில்

கோப்பை கழுவுகிற ராணி அக்காவின் காரில்தான் அந்தோனியார் நவநாளுக்குப் போவேன். "பிரித்தானியா விலகக்கூடாது" என்று ஒவ்வொரு கிழமையும் மன்றாட்டுத் துண்டு எழுதிப் போட்டேன். ஒருநாள் வழியில் கதை வர, விலக வேண்டும் என்று அக்கா எழுதிப்போடுவது தெரிந்தது. லண்டனில் கடை வைத்திருக்கிற அக்காவின் தம்பி கேட்டாராம். கோவில் வாசலில் காரை நிறுத்திவிட்டு அக்கா சொன்னா:

"அந்தோனியாரை ஏன் இழுபறிப்படுத்துவான்? இனி நாட்டை விட்டிட்டு, பிள்ளையின்ர பேரை மட்டும் எழுதுவம்."

யாரிட்டைக் கேட்கிறது

அடுத்த வாதம், பிரித்தானியா ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தையும் விட்டு விலகலாமா என்பதைப் பற்றி. "ஒரு நாட்டின்ர பிழையை அந்த நாடே விசாரிக்கலாம், வெளியாள் எதுக்கு?" என்றார் பிறேபன். கோப்பை அடுக்கிக்கொண்டு நின்ற நான், அந்த மேசையில் ஒருநாளும் வாய் திறக்காதவள், என் அரைகுறை டெனிஷில் சொல்லிவிட்டேன்: "என்ர தம்பியை விசாரணைக்கெண்டு கொண்டுபோன ஆக்களேதான் பிறகு விசாரிச்சு, தாங்கள் கொண்டுபோகேல்லை எண்டு எழுதித் தந்தவை. நான் வேற யாரிட்டைக் கேட்கிறது?"

பிறேபன் தன் கோப்பையைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

"தம்பிக்கு என்ன பேர்? பேர் தெரியாமல் இவ்வளவு நாளும் கதைச்சுப்போட்டன்."

கொடி வந்த மத்தியானம்

பிரித்தானியா விலகின பிறகும் அங்கே இருப்பதற்கான விண்ணப்பத்தை அனிதா கடைசிக் கிழமை வரை இழுத்தாள். கேட்டால் டெனிஷில் "சரிவரும் அம்மா" என்பாள். எனக்குத்தான் செபமாலை தேய்ந்தது. ஒரு மத்தியானம், வரிசை நிற்கும்போதே ஏப்ரனுக்குள் போன் அதிர்ந்தது. தொடர்ந்து இருக்கலாமாம். நான் அகப்பையோடு அழுதேன், சிரித்தேன். ராணி அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து கட்டிப்பிடித்தா. மேசை முழுக்கக் கைதட்டல். பிறந்தநாள்காரருக்கு முன்னால் வைக்கிற குட்டி டெனிஷ் கொடியை பிறேபன் எடுத்துவந்து என் சோஸ் சட்டிக்கு முன்னால் நட்டார்.

"பிரித்தானியா விலகினது சரியெண்டுதான் இப்பவும் சொல்லுவன், றோசா. ஆனால் அருளின்ர கோப்பை உன்ர மகள் விடக்கூடாது."

பிரித்தானியா போய்விட்டது, அனிதா நிற்கிறாள், அருளின் கோப்பு ஜெனீவாவில் பதிலுக்குக் காத்திருக்கிறது, எங்கள் உருளைக்கிழங்கு மட்டும் இன்றைக்கும் சூடாக ஒருத்தர் வாய்க்கும் போய்ச் சேர்ந்ததில்லை.