நடுக்கடலில் இரண்டு ஒலிபெருக்கிகள்

அந்தமானின் சாத்தாம் துறையிலிருந்து வண்டிகளை ஏற்றும் படகு கிளம்பிவிட்டது. எதிர்க்கரையான பாம்பூ ஃப்ளாட்டில் பஞ்சாயத்துத் தேர்தல். போட்டி வேட்பாளர்கள் இருவரின் பிரச்சார ஆட்டோக்களும் ஒரே படகில் ஏறி உரசிக்கொண்டு நிற்கின்றன. கரை சேரும்வரை யாரும் தப்ப முடியாது. இடப்பக்க ஒலிபெருக்கி வீட்டு வரியைப் பாதியாகக் குறைக்கிறது. வலப்பக்கம் இருப்பது வீட்டுக்கு ஒரு வேலை தருகிறது. தமிழ், இந்தி, வங்காளம் என்று இரண்டும் மாறி மாறி அலற, நடுவில் மாட்டிக்கொண்ட எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பக்கத்தில் சூரை மீன் கூடையோடு ஒரு அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பமாம்.

"ஓட்டு யாருக்குக்கா?" என்று அவர் காதருகே கத்துகிறேன்.

"இருங்க தம்பி, கேட்டுச் சொல்லுதேன்."

எழுந்துபோய், மீன் அளைந்த கையாலேயே ஒரு அறிவிப்பாளரின் மைக்கைப் பிடுங்குகிறார்.

"அரே பாய், ரெண்டு பேரும் கொஞ்சம் பந்த் பண்ணுங்க. ஒருத்தர் வரியில பாதி வேண்டாங்கீங்க, ஒருத்தர் வேலை தாரோங்கீங்க. ரெண்டுக்கும் துட்டு எங்கேருந்து வரும்?"

அறிவிப்பாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு சொல்லிவைத்தாற்போல் ஒரே குரலில், "மெயின்லேண்ட்லேருந்து" என்கிறார்கள்.

"கப்பல்லயா?"

"ஆமாக்கா."

அக்கா என் பக்கம் திரும்புகிறார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

"போன வாரம் வரவேண்டிய வெங்காயமே இன்னும் வந்து சேரல தம்பி" என்று அவர் என்னிடம் மட்டும் சொல்வது இரண்டு கரைக்கும் கேட்கிறது.