அவள் உதடு, என் குரல்

ஓர் இந்தி நடிகைக்குத் தமிழில் பேசுகிறவள் நான். அவள் நடித்த படங்கள் தமிழில் டப் ஆகி வரும்போது, அவள் வாயிலிருந்து வருவது என் குரல். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஏதாவது பேசிக்காட்டச் சொல்வார்கள். பேசிக்காட்டினால் ஏமாந்துபோவார்கள். அந்த முகம் இல்லாவிட்டால் என்னுடையது கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலை கேட்கிற குரல்தான்.

மணலூர்பேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைத் தாண்டி என் குரலைப் பற்றி நான் யோசித்ததில்லை. பிறகு சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. தன் அம்மா படுத்திருந்த வார்டுக்கு லைன் கேட்டு ஒருவர் தினமும் பேசுவார். அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போகும் அன்று என்னைத் தேடிவந்து, "போன்ல பேசறது நீங்கதானா? ஒரு நாள் எங்க தியேட்டருக்கு வந்து பேசிப் பாக்குறீங்களா?" என்றார். தியேட்டரில் படம் பார்க்கத்தானே முடியும், பேச என்ன இருக்கிறது என்று விழித்தேன். அவர் டப்பிங் இன்சார்ஜ். அவர் சொன்னது டப்பிங் தியேட்டர்.

அவளுக்கு அது முதல் படம், எனக்கும்தான். கல்லூரிப் பெண்ணாக வந்து படம் முழுக்க ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அழுவதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். சிரிப்புதான் வரவில்லை. அவள் சிரிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். அதைப் பிடித்தால்தான் சிரிப்பைப் பிடிக்க முடியும் என்று புரிய எனக்கு அரை நாள் ஆனது. "உதடு மூடுது பாரும்மா, அங்க ஒரு 'ம'வோ 'ப'வோ வந்தாகணும்" என்று இன்சார்ஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து அவள் முகம் எனக்கு மனப்பாடம் ஆனது. என் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அவள் பெரிய நடிகையானாள். படங்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரு படத்தில் சின்ன வயதிலேயே கணவனை இழந்த பெண்ணாக நடித்தாள். வசனம் மிகக் கம்மி, பெரும்பாலும் மூச்சுதான். அந்தப் படத்துக்கு அவளுக்குப் பெரிய விருது கிடைத்தது. மேடையில் அவள் விருது வாங்குவதை டிவியில் பார்த்தேன். அவள் விட்ட மூச்சு ஒவ்வொன்றையும் மைக் முன்னால் நின்று நானும் விட்டிருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. அவள் படம் வந்தால் சென்னைக்கு பஸ் ஏறுவேன். முடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவளுக்கும் கல்யாணம் ஆனது. அடுத்தடுத்து படங்கள் ஓடவில்லை. குழந்தை பிறந்தது. உடம்பு போட்டுவிட்டது, அவள் காலம் முடிந்தது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். எனக்கு போன் வருவது நின்றது. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த வருஷங்களில் அவளுடைய பழைய படங்களை டிவியில் மதியத்தில் போடுவார்கள். சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்துவார்: "ஏ, இங்க வந்து பாரு, அழுதுகினு கீற!" நான் கரண்டியோடு வந்து நிற்பேன். திரையில் அவள் அழுவாள், என் குரலில். அவருக்கு அது வேடிக்கை. எனக்கோ, தெரிந்த ஒருத்தி நல்லா இருக்கிறாளா என்று விசாரிக்க வழியில்லாமல் நிற்பதுபோல் இருக்கும்.

பல வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். இப்போது கதாநாயகனுக்கு ஜோடியாக அல்ல. தனியாகக் குழந்தை வளர்க்கும் தாயாகவும், வேலையிழந்த டீச்சராகவும். மேக்கப் இல்லை, கண்ணைச் சுற்றிக் கோடுகள். டப்பிங் தியேட்டரில் அந்த முகத்தைப் பெரிதாகப் பார்த்ததும் எனக்கு முதல் வரி பேச வரவில்லை. இன்சார்ஜ் கேட்டார், "இன்னாம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பேசினேன். என் குரலும் தடித்திருந்தது. அது அவளுக்குப் பொருந்தியது.

போன வருஷம் அவளுடைய படத்தின் ஷூட்டிங் எங்கள் கல்வராயன் மலையிலேயே நடந்தது. மலைக்கிராமத்துக்கு வேலைக்கு வரும் வடநாட்டு டாக்டர் அவள். கள்ளக்குறிச்சி நர்ஸ் ஒருத்தியிடம் தமிழ் கற்றுக்கொள்வதாகக் கதை. அதனால் நாலைந்து வரி தமிழில், அதுவும் அவள் சொந்தக் குரலில் பேச வேண்டும். இன்சார்ஜ் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். உதவி இயக்குநராக இருந்த சென்னைப் பெண் போன் செய்தாள். "அக்கா, மேடத்துக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கணும். கரியாலூர் வர்றீங்களா?"

போனை வைத்துவிட்டு உட்கார்ந்த நான் எழுந்திருக்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

"இன்னா இப்டி ஒக்காந்துகினு கீற? யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. அவங்க வராங்களாம். நம்ம மலைக்கு."

கடைக்கு லீவு விட்டுவிட்டு அவரே பைக்கில் கூட்டிப்போனார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு எனக்கு ஒரே யோசனைதான். அவளுக்கு நான் யார் என்றே தெரியாதே. அவள் படங்கள் பல மொழிகளில் டப் ஆகின்றன, எத்தனையோ பேர் பேசுகிறார்கள். அதில் நான் ஒருத்தி.

கரியாலூரில் ஒரு பழைய கட்டடத்தை ஆஸ்பத்திரிபோல மாற்றியிருந்தார்கள். அவள் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். உதவி இயக்குநர் என்னைக் காட்டி, "தமிழ்ல நீங்க பேசறது இவங்கதான் மேடம்" என்று இந்தியில் சொன்னாள். எனக்கு இந்தி கேட்டால் புரியும், பேச வராது. அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "ஏதாவது பேசுங்க" என்றாள்.

எதைப் பேசுவது என்று தெரியவில்லை. முதல் படத்தில் ரயில்வே பிளாட்பாரத்தில் அவள் பேசுகிற வசனம் வாயில் வந்தது. பேசினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள். சிரிக்கும் முன் அதே மூச்சு.

அப்புறம் அவள் சொன்னதை உதவி இயக்குநர் தமிழில் சொன்னாள். அதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் படத்துல இந்தியிலயும் அது என் குரல் இல்லை."

அவள் ஏதோ சின்ன ஊரில் பிறந்தவளாம். அந்த ஊர் வாடை பேச்சில் அடிக்கிறது என்று சொல்லி, முதல் சில படங்களுக்கு வேறொரு பெண்ணைப் பேசவைத்தார்களாம். யார் பேசியது என்று அவளுக்குச் சொல்லவே இல்லை. டைட்டிலிலும் பெயர் இல்லை. "தியேட்டர்ல உக்காந்து என் படத்தையே திரும்பத் திரும்பப் பாத்தேன். அந்தம்மா பேசறதைக் கேட்டுத்தான் சரியா பேசக் கத்துக்கிட்டேன். அப்புறம்தான் என்னைப் பேசவிட்டாங்க" என்றாள். பெரிய ஆளான பிறகு தேடியிருக்கிறாள். அந்த ஸ்டுடியோவை இடித்துவிட்டார்கள். ஞாபகம் இருக்கிறவர்கள் யாரும் இல்லை.

அந்த முதல் படங்களில் இவளுடைய குரல் என்று நினைத்து நான் பின்தொடர்ந்தது, முகம் தெரியாத வேறொருத்தியின் குரலை. அதைத்தான் இவளும் பின்தொடர்ந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், "அவங்க நல்லா பேசுனாங்க" என்று மட்டும் சொன்னேன். "ஆமா, ரொம்ப நல்லா" என்றாள்.

பிறகு வேலையை ஆரம்பித்தோம். எழுதிக் கொடுத்திருந்த வரி, "நீங்கள் பயப்பட வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று இருந்தது. இப்படி எந்த நர்ஸும் சொல்லித்தரமாட்டாள் என்றேன். "பின்ன எப்டி சொல்வாங்க?" என்று உதவி இயக்குநர் கேட்டாள்.

"இன்னாம்மா, பயமா கீதா? நான் இங்கதான் கீறேன்."

டப்பிங் தியேட்டரில் 'இருக்கு' என்பதற்குப் பதில் வாய் தவறி ஒரு 'கீது' வந்தால் உடனே வெட்டிவிட்டுத் திரும்பப் பேசவைப்பார்கள். இங்கே அதையே அவளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். 'கீறேன்' என்பதில் வரும் றகரம் அவள் நாக்கில் ரகரமாகவே விழுந்தது. பரவாயில்லை, வடநாட்டு டாக்டர்தானே என்று விட்டுவிட்டோம். 'பயமா' மட்டும் சரியாக வரும்வரை விடவில்லை.

பிரசவ வலியில் படுத்திருக்கும் பெண்ணாக உள்ளூர்ப் பெண் ஒருத்தியையே நடிக்கவைத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு வசனமும் இல்லை, வெறுமனே படுத்திருந்தால் போதும். ஆனால் லைட்டையும் கேமராவையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்து நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தாள். கேமரா ஓடியது. நடிகை குனிந்து அவள் கையைப் பிடித்தாள். "இன்னாம்மா, பயமா கீதா? நான் இங்கதான் கீறேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "பயம் இல்லக்கா. அதான் நீ இருக்கியே" என்றாள்.

அது எழுதப்பட்ட வசனம் அல்ல. டைரக்டர் நிறுத்தவில்லை. நடிகைக்கு அது புரிந்திருக்காது. ஆனாலும் கையை விடவில்லை. மறு கையால் அந்தப் பெண்ணின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கட் சொன்ன பிறகு கூட்டத்தில் என்னைத் தேடி, "என்ன சொன்னா?" என்று கேட்டாள். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் திரும்பிப்போய் அந்தப் பெண்ணின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஷாட்டுக்கு லைட் மாற்றுகிறவரை அங்கிருந்து எழவில்லை.

மலை இறங்கும்போது என் வீட்டுக்காரர் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். பெயர் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னபோது மட்டும் வண்டியை ஓரம் கட்டினார்.

"அந்தம்மாவுக்காவது தெரியுமா, இவங்க அவங்க பேசறதக் கேட்டுதான் கத்துகினாங்கன்னு?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"த்சு" என்றார். கொஞ்ச நேரம் கோமுகி அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்தப் படம் சில மாதம் கழித்து டப்பிங்குக்கு வந்தது. சென்னைக்குப் போனேன். பிரசவக் காட்சி வந்ததும், "இதுல மேடம் குரலே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. நீங்க உக்காருங்க" என்றார் இன்சார்ஜ். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவள் பேசுவதைக் கேட்டேன். தமிழில் அவள் குரல் கொஞ்சம் கரகரப்பாக, இந்தியில் கேட்டதைவிட மெல்லியதாக இருந்தது. எந்த எழுத்தில் உதடு மூடுகிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல், டப்பிங் தியேட்டரில் முதன்முறையாக அவள் முகத்தைச் சும்மா பார்த்தேன்.