வழிமொழிய ஆளில்லாத பிரேரணை

காலை ஏழு மணிக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். கிளிநொச்சி எழுபத்தைந்து கிலோமீற்றர் அளவு. புளியங்குளத்தில் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவர் எங்கே பயணம் என்று விசாரித்தார். பிரதேச சபை உறுப்பினர் நிரோஜாவைப் பார்க்க என்றேன்.

"கறுப்புச் சட்டை போட்டுக் கத்திப் பாடுற பிள்ளையோ?"

"ஓம், அவாதான்."

"நல்ல பிள்ளைதான்" என்றவர், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிரோஜாவின் பாட்டை நான் முதலில் கேட்டது கொழும்பில். ஹெவி ரொக் இசைக்குழுவின் நடுவில் நின்று அடிவயிற்றிலிருந்து அவர் எழுப்பிய குரல் என் கதிரையை அதிர வைத்தது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் நெல் விதைக்கும் குடும்பம் அவருடையது. ஊர் திரும்பிச் சுயேச்சையாக நின்று வென்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்தக் குரல் சபையில் எப்படி ஒலிக்கும் என்று பார்க்க ஆசை வந்தது.

பத்து மணிக்குச் சபை மண்டபத்தில் கூட்டம். பார்வையாளர் பகுதியில் நான் மட்டும். பருத்திச் சேலையில் நிரோஜா ஒரு கோடியில் இருந்தார். எழுந்து, மெதுவான குரலில் பிரேரணையை வாசித்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் குடியிருப்புக்குப் போகும் பாதையில் மதகு உடைந்து கிடக்கிறது. போன மாரியில் ஒரு கர்ப்பிணியைக் கதிரையில் இருத்தி வெள்ளத்துக்குள்ளால் தூக்கிப் போனார்கள். மதகைக் கட்டித் தர வேண்டும்.

"ஆர் வழிமொழியிறது?" என்று தலைமை ஆசனத்தில் இருந்த தவிசாளர் கேட்டார்.

ஒருவர் தொலைபேசியைப் பார்த்தார். இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்தார். என் கை தானாக அசைந்தது. அங்கே கை உயர்த்த எனக்கு உரிமை இல்லை. வழிமொழிய ஆளில்லாமல் பிரேரணை விழுந்தது. நிரோஜா சேலையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார்.

வாசலில் ஓர் உறுப்பினர் அவரிடம் வந்தார். "தங்கச்சி, நான் கை தூக்கியிருப்பன். கட்சியில வேண்டாமெண்டிட்டினம்."

"கை உங்கடதானே அண்ணை?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

"அந்தச் சனத்துக்கு நான்தான் போய்ச் சொல்லோணும். வேற ஆக்கள் சொல்லி அவையள் கேக்கக்கூடாது" என்று நிரோஜா என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். உடைந்த மதகடியில் இறங்கி நடந்தோம். போன மாரியில் கதிரையில் தூக்கிச் செல்லப்பட்ட அந்தப் பெண், இடுப்பில் குழந்தையுடன் எதிரே வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒருத்தரும் கை தூக்கேல்லை அக்கா."

"நீ அங்க கத்தலியா?"

"கத்தினா வெளியில விட்டிடுவினம்."

"அப்ப பாட்டுல மட்டும்தான் கத்துவியா?"

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நிரோஜா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு என்னைக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். "வீட்டை போனாக் கதைக்க ஆளில்லை. எங்கட வயல் வாய்க்காலை விட்டிட்டு அவையளின்ர மதகைக் கேட்டதெண்டு அப்பாவுக்குக் கோவம். பாட்டுக்குழு ஆக்கள் எல்லாரும் கொழும்பில. வயலுக்க நிண்டு தனியப் பாடுறன்."

வவுனியா பஸ் வந்து நின்றது.

"அடுத்த மாசமும் இதைத்தான் வைப்பன். வருவீங்களோ? உங்களுக்குக் கை தூக்க ஏலாது. பின்னால ஆரோ இருக்கினமெண்டு தெரிஞ்சாக் காணும், அது போதும்."

"வாறன்" என்றேன்.

வவுனியாவில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் ஒழுங்கைக்கு நல்ல தார் போட்டிருக்கிறது. மழைக்கும் தண்ணீர் நிற்பதில்லை. அதைக் கேட்டு எந்தச் சபையில் யார் தனியே எழுந்து நின்றாரோ, எனக்குத் தெரியாது.